ட்ரங்கால் வந்து உட்கார்ந்தால்

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டு மலரில், சங்கத்துக்காகச் சம்பளமில்லாமல் உழைக்கிற ஒருவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. படித்தவர்கள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன். நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். லேத்துப் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டிப் பெருக்க வந்து, பிறகு அந்தப் பட்டறையையே வாங்கியவன். சங்கத்துக்கு நான்தான் தலைவர். பழைய தீயணைப்பு நிலையத்து மாடியில் சங்கம் இருக்கிறதே, அதற்கு இரும்புப் படிக்கட்டு போட்டுக் கொடுத்ததும் நான்தான். இன்றுவரை ஒரு படி ஆடியதில்லை, சந்தேகம் இருந்தால் வந்து ஏறிப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக்காரர் பார்த்துக்கொள்வார். விஷயத்தில் பிழை இருக்காது.

எழுதப் போவது ட்ரங்கால் என்று ஊர் கூப்பிடுகிற அம்மாளைப் பற்றி. அவரைக் கண்டதும் தெருவின் அந்தப் பக்கம் மாறி நடக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அவருக்கு அந்தப் பெயர் வந்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்ததால். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் சொல்லிவிட்டுக் காத்திருந்த காலம் அது; அந்தப் பேச்சுக்குத்தான் ட்ரங்கால் என்று பெயர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துளை துளையாக இருக்கிற பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, கயிற்றை இந்தத் துளையிலிருந்து பிடுங்கி அந்தத் துளையில் செருகி, ஊரையும் உலகத்தையும் இணைத்தவர் அவர். பேச்சு மூன்று நிமிஷத்தைத் தொட்டால் நடுவில் நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சுங்க. தொடரலாமா, முடிச்சுக்கலாமா?" என்று கேட்பார். கல்யாணப் பேச்சாக இருந்தாலும் சரி, கருமாதிப் பேச்சாக இருந்தாலும் சரி, அந்தக் கேள்வி ஒரே குரலில்தான் வரும். என்னையே எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறார். என்னை வெட்டிப் பேச வேறு யாருக்குத் துணிச்சல் வரும்!

அப்பா அம்மா முகம் அவருக்குத் தெரியாது. நடக்கத் தொடங்குமுன்பே இரண்டு பேரும் போய்விட்டார்கள். தூக்கி வளர்த்தது அக்கா. ஊர் முழுக்க அந்த அம்மாளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும். தையல் மெஷினை மிதித்து மிதித்தே தங்கையைப் படிக்க வைத்து, எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு அனுப்பிய மனுஷி. படிப்பில்லாமல் மேலே வந்தவர்களை எனக்குப் பிடிக்கும், காரணம் சொல்லத் தேவையில்லை. தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "ஊர் ஆம்பளைங்க போன்ல பேசற பொய்யை எல்லாம் கேட்டுட்டு, அதுல ஒருத்தனை நம்பி நான் போகணுமா?" என்று பதில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் நடையைக் கட்டினார்கள். அவர்களும் போனில் பேசியவர்கள்தானே.

வேலை முடிந்து ஓய்வு பெற்றதும் சங்கத்துக்கு வந்தார். மூடிப்போன கடைகளின் பெயர்ப்பலகை, மணிக்கூண்டின் ஒடிந்த முள், ஆல்பத்தில் சேராத பழைய போட்டோக்கள் என்று பொருளாகத்தான் நாங்கள் சேர்த்துக்கொண்டிருந்தோம். அவர்தான், "அண்ணே, ஆளுங்க பேசறதைச் சேர்க்க வேண்டாமா? போட்டோவுல வாய் மூடியிருக்கே" என்றார். உள்ளங்கை அளவு ரெக்கார்டர் ஒன்று வாங்கினோம். வயதில் மூத்தவரிடம் முதலில் போக வேண்டும் என்று விதி போட்டேன். நான் போடுகிற விதியை என் பட்டறையில் யாரும் மீறியதில்லை.

ட்ரங்கால் மீறினார். அதை நான் கவனிக்கவில்லை.

முதலில் மணிக்கூண்டுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தவரிடம் போனார். அவர் நிஜமாகவே ஊரில் மூத்தவர். பேசி முடித்துச் சில நாளில் தவறிப் போனார். நல்லவேளை, பேச்சைப் பிடித்து வைத்தோம் என்று எல்லோரும் பெருமைப்பட்டோம். அடுத்து பழைய சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டியவர். அவருக்கு என்ன வயது? என்னைவிடச் சின்னவர். சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தவர். அந்த மாதமே போய்விட்டார். பிறகு எங்கள் சங்கச் செயலாளர் மருந்துக்கடைக்காரரின் அப்பா. தினமும் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர். ட்ரங்கால் மெஷினோடு போய் ஒரு மதியம் பேசிவிட்டு வந்தார். அந்த நாற்காலியும் காலியாயிற்று.

இதில் இன்னொரு விஷயம். எந்தப் பதிவை முடிக்கும்போதும் பழக்க தோஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "மூணு நிமிஷம் ஆச்சுங்க. தொடரலாமா, முடிச்சுக்கலாமா?" பேசியவரும் சிரித்துக்கொண்டே, "முடிச்சுக்கலாம்மா" என்பார். அதுவும் பதிவாகிவிடும். சங்கத்துக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டும்போது, செத்துப் போனவர்கள் ஒவ்வொருவராக "முடிச்சுக்கலாம்மா" என்பது அறை முழுக்கக் கேட்கும். மருந்துக்கடைக்காரர் தன் அப்பாவின் குரலில் அதைக் கேட்ட அன்று எழுந்து படிக்கட்டில் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு ஊர் வாய் சும்மா இருக்குமா? ட்ரங்கால் தெருவில் வந்தால் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கதவு சாத்தும் சத்தம் அவருக்கு முன்னால் முன்னால் ஓடியது. சவரக் கடைக்காரன் என் முகத்தில் கத்தியை வைத்துக்கொண்டே கேட்டான்: "தலைவரே, உங்க மாமியார் இன்னும் இருக்காங்களா? ட்ரங்காலை அனுப்பி வைக்கவா?" சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கத்தி கழுத்தில் இருக்கும்போது அந்தப் பெயரைக் கேட்க எனக்கே என்னவோ செய்தது.

கடைசியில் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் வெடித்துவிட்டார். "மெஷினை அவங்ககிட்ட இருந்து வாங்கிடுங்க. இல்லேன்னா நான் சங்கத்தை விட்டுப் போறேன்" என்றார்.

"காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதையைப் போய்ப் பெரிசா பேசறீங்களே தம்பி" என்றேன்.

"எத்தனை பழம் தலைவரே?" என்றார். மெஷினை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன்.

ட்ரங்காலின் வீடு இரண்டே அறை. முன்னறையில் ஒரு மேஜை, மேஜை மேல் டெலிபோன், பக்கத்தில் ரெக்கார்டர். நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மெஷினை வாங்கிட்டுப் போகத்தானே வந்தீங்க? டீ குடிச்சிட்டு வாங்கிக்குங்கண்ணே."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வாசல்ல தொண்டையைச் செருமினீங்க. நீங்க தெருமுனையிலேயே பேச்சை ஆரம்பிக்கிறவரு. செருமிட்டு வந்தா சங்கடமான காரியம்."

டீ வந்தது. நான் அந்தக் காக்காய்க் கதையையே மறுபடி எடுத்தேன். ஊர் முட்டாள்தனம், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே, கொஞ்ச நாள் மெஷின் என்னிடம் இருக்கட்டும் என்றேன்.

அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஊர் சொல்றது தப்புதாண்ணே. ஆனா நீங்க சொல்றதும் தப்பு. காக்கா உட்கார்ந்து பழம் விழலை. பழம் விழப் போறது தெரிஞ்சுதான் காக்கா போய் உட்காருது."

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எக்ஸ்சேஞ்ச்ல இருந்தப்போ ஒரு தானிய வியாபாரி தினமும் சாயங்காலம் வெளியூர்ல இருக்கிற மகளுக்குப் போன் போடுவாரு. ஒருநாள் அவர் குரல்ல ஏதோ குறையுது. லைன் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு லைன்மேன்கிட்ட புகார் எழுதிக் குடுத்தேன். அவர் கம்பம் கம்பமா ஏறிப் பார்த்துட்டு லைன் சுத்தமா இருக்குன்னாரு. மறுபடி எழுதிக் குடுத்தேன். என்னைத் திட்டிட்டுப் போனாரு. அப்புறம் வியாபாரி வீட்ல இருந்து மகளுக்கு வேற ஆள் போன் போட்டாங்க, அப்பா போயிட்டாருன்னு. அதுக்கு மேல நான் லைன்மேனுக்குப் புகார் எழுதறதை நிறுத்திட்டேன்."

"அப்போ நீ வயசைப் பார்த்துப் போகலையா?"

"குரலைக் கேட்டுத்தான் போனேன். படம் ஓட்டினவர் சந்தையில தக்காளிக்குப் பேரம் பேசிட்டு இருந்தாரு. அவரு சம்சாரத்துகிட்ட மெதுவா சொன்னேன், டாக்டரைப் பாருங்கன்னு. பார்த்தாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாங்களாம். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, சூனியக்காரியைப் பார்க்கிற மாதிரி. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்றதில்லை. போய் உட்கார்ந்து பேச வச்சு, பேச்சையாவது பிடிச்சு வச்சுடறேன். என்னால ஆனது அவ்வளவுதான்."

வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். நான் நம்பினேன். பாம்பின் கால் பாம்பறியும். பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் கணக்குப் பார்த்துக்கொண்டே, "மூணாவது லேத்துல பேரிங் போகப் போகுது" என்பேன். பசங்கள் கழற்றிப் பார்த்தால் பளபளவென்று இருக்கும். என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு ஒருநாள் அது உடைந்து தெறிக்கும்போது சிரிக்க மாட்டார்கள். இந்த வட்டாரத்தில் என் காதுக்கு ஈடான காது கிடையாது என்று இருந்தேன். ஆனால் இன்னொன்று இருந்தது. இரும்பு கேட்கிற காது என்னுடையது, அவருடையது மனிதர்களைக் கேட்கிற காது.

அப்போது போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏண்டி, போனை எடுக்கக்கூட ஆபீசர் அனுமதி வேணுமா?" பெரியக்காதான். அறை அதிர்ந்தது. "ஊர்ல போற வர்ற கிழம்கட்டை எல்லாத்தையும் உட்கார வச்சுப் பேச விடறே. உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான் ஒருத்தி இருக்கேன். என் கதை மட்டும் கசக்குதா?"

"மெஷின் ரிப்பேர்க்கா."

"போன வாரம் பேட்டரி இல்லேன்னே. அதுக்கு முந்தி மழைன்னே. மழைக்கும் மெஷினுக்கும் என்னடி சம்பந்தம்? நான் என்ன மொட்டை மாடியில நின்னா பேசப் போறேன்?"

நான் வணக்கம் சொன்னேன்.

"யாரு, தலைவரா? அவளை மிரட்ட வந்தீங்களா? உங்க குரலுக்கு போன் எதுக்கு, ஜன்னலைத் திறந்தா போதாது?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ட்ரங்கால் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா?"

"என்ன கேக்கறது? கணீர்னு வெண்கல மணி மாதிரி இருக்கு."

"வார்த்தை முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே மூச்சு தீர்ந்து போகுதுண்ணே. கடைசி எழுத்துக்கு மிச்சமில்லை. 'பேசப் போறேன்'ல அந்த 'ன்' இருந்துச்சா?"

இருந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் காதை நானே சந்தேகப்பட்டேன்.

"டாக்டர்?"

"கண் பரிசோதனைன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் பார்த்தாச்சு. வேற டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. வயசுக்கு ரொம்ப நல்லா இருக்காங்கங்கறாங்க." ரெக்கார்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இதை எடுத்துட்டு அக்கா வீட்டுக்குப் போனா, அவளுக்குப் புரிஞ்சிடும். அவ முட்டாள் இல்லை. சாகப் போறேன்னு நானே போய்ச் சொன்ன மாதிரி. போகலைன்னா... எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரே குரல்தாண்ணே. ஊர்ல எல்லாரோட குரலையும் பிடிச்சு வச்சுட்டேன். அது மட்டும் எங்கேயும் இல்லை."

மெஷினை வாங்காமல் திரும்பினேன். என்ன ஆயிற்று என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். "அது அங்கேயே இருக்கட்டும், நான் பொறுப்பு" என்றேன். என் குரலில் அவருக்கு என்ன கேட்டதோ, கடைக்குத் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. பெரியக்கா பட்டறைப் பக்கமாகத்தான் சந்தைக்குப் போவார். "என்ன தலைவரே, இன்னும் இரும்பைத்தான் தின்னுட்டு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். நான் லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அந்த வார்த்தையின் வாலைப் பிடிக்கப் பார்ப்பேன். நல்ல நடை, நல்ல நிறம், பையில் கீரைக்கட்டு. குறை என்று ஒன்றும் கிடையாது. பசங்கள் என்னைப் பார்த்தார்கள், கிழவருக்கு என்ன ஆயிற்று என்று. ஆரோக்கியமாகத் தெருவில் போகிற அந்த மனுஷி முனை திரும்பி மறையும்வரை நான் பட்டறை வாசலிலேயே நிற்பேன்.

ஒரு மதியம் சங்கத்தில் நான், ட்ரங்கால், மருந்துக்கடைக்காரர் மூன்று பேரும் போட்டோக்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். என் இரும்புப் படிக்கட்டில் காலடி கேட்டது. ஏறி, நின்று, மறுபடி ஏறி. ட்ரங்கால் கையில் இருந்த போட்டோவை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

பெரியக்கா வாசலில் நின்றார். நல்ல புடவை, தலையைப் படிய வாரியிருந்தார்.

"மெஷின் ரிப்பேர்னே. அங்க மேஜை மேல அந்த மெஷின்லயே சிவப்பு விளக்கு எரியுது பாரு. உன் பொய்க்கு ஒரு தையல் போடக்கூடத் தெரியலியே பாப்பா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "தலைவரே, நீங்க சாட்சி. மருந்துக்காரத் தம்பி, நீயும் இரு. ஆரம்பிடி."

"இன்னைக்கு வேண்டாங்க்கா."

"ஆரம்பி."

ஆரம்பித்தார். பெரியக்கா தன் முதல் தையல் மெஷினைப் பற்றிச் சொன்னார். அது இடது பக்கமாக இழுக்குமாம், அதனால் ஊரில் பாதிப் பேரின் சட்டை இடது பக்கம் கோணலாம். "தலைவர் கல்யாணத்துச் சட்டையும் நான் தச்சதுதான். போட்டோவுல பாருங்க, ஒரு பக்கமா சாய்ஞ்சு நிப்பாரு. எல்லாரும் அதைக் கம்பீரம்னு நெனச்சாங்க." மருந்துக்கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அது கம்பீரம்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ட்ரங்கால் சிரிக்கவில்லை. தலை குனிந்து ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியக்கா பேச்சை நிறுத்தினார். குனிந்து தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு, புடவையில் எங்கே கிழிந்திருக்கிறது என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"எங்கேடி கேக்குது? தொண்டையிலயா, நெஞ்சிலயா?"

ட்ரங்கால் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மூச்சுலக்கா."

"ம்." புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். "கண் பரிசோதனைக்குப் போய் எவளாவது நெஞ்சுக்குப் படம் எடுப்பாளா? அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுதான் நானே படியேறி வந்தேன். சரி, அழுவாதே, மெஷின்ல விழுந்துடும். அப்பா எப்படிப் பேசுவாருன்னு உனக்குத் தெரியாதில்ல? அதை முதல்ல சொல்லிடறேன். மீதி சட்டைக் கதை எல்லாம் அப்புறம். அப்புறம் இன்னொண்ணு. அந்த மூணு நிமிஷக் கேள்வியை என்கிட்ட கேட்டே, பல்லைத் தட்டிடுவேன்."

அப்பா திக்கித் திக்கிப் பேசுவாராம். 'ப'வில் மாட்டிக்கொள்வாராம். அதனால்தான் தங்கைக்குப் பாப்பா என்று பெயர் வைத்தது. அதைச் சொல்லிச் சொல்லித் திக்கை ஓட்டப் பார்த்தாராம். பெரியக்கா அந்தத் திக்கோடு தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினார். "ப்... ப்... பாப்பா." ட்ரங்கால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், வெளிச்சத்தில் கண் கூசியது.

வெயில் இறங்கும்வரை பேசினார்கள். பெரியக்கா போன பிறகு மருந்துக்கடைக்காரர் ட்ரங்காலிடம் கேட்டார்: "எங்கப்பா குரல்லயும் கேட்டுச்சா?"

"ஆமா தம்பி."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "திட்டியிருப்பேன்" என்றார். மறுநாள் அவரே முன்னால் வந்து, தெருச் சத்தம் விழாமல் ஜன்னலைச் சாத்தி, பெரியக்காவுக்கு முதுகுக்குத் தலையணையும் வைத்தார்.

இதையெல்லாம் அச்சில் போடலாமா என்று நான் சகோதரிகளைக் கேட்டேன். ட்ரங்கால் வேண்டாம் என்றார். இதைப் படித்த பிறகு அவர் யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்றார். நியாயம்தான். பெரியக்கா மறித்துவிட்டார். "இப்ப மட்டும் தெரியாமலா கதவைச் சாத்தறாங்க? எழுதுங்க தலைவரே. சூனியக்காரின்னு நெனச்சுச் சாத்தறதுக்கு, விஷயம் தெரிஞ்சு சாத்தட்டும். எவனாவது ஒருத்தன் தெரிஞ்சே திறப்பான்." ஆகவே எழுதினேன். திறப்பதும் சாத்துவதும் உங்கள் இஷ்டம்.

பெரியக்கா தினமும் வருகிறார். சட்டைக் கதை இன்னும் தீரவில்லை. டாக்டர் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார் என்கிறார். படிக்கட்டில் அவர் மூச்சு வாங்க நிற்கிற இடம் மட்டும் கூடியிருக்கிறது. நடுவில் ஒரு சின்னப் பலகை இருக்கை பற்றவைத்துக் கொடுத்தேன், உட்கார்ந்து வருகிறார்.

நேற்று யாரோ ஒரு மாப்பிள்ளையின் கால்சட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். "அப்படியே மேடையிலேயே கிழிஞ்சு போச்சு" என்று முடித்தார். 'போச்' என்றுதான் என் காதில் விழுந்தது. அடுத்த வார்த்தையைக் கவனித்தேன். அதற்கும் வால் இல்லை. நான் சிரிப்பை நிறுத்திவிட்டு ட்ரங்காலைப் பார்த்தேன். எனக்கும் கேட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. கையை நீட்டி, மெஷினை அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.